‘தானாய் வரட்டும்’ எண்டு சொல்கிறவர்களுக்கு

இந்தக் கதையைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் எங்களில் யாரும் இல்லை. பரிசளிப்பு விழாவில் கேட்டிருக்கிறோம். தன்னம்பிக்கைக் கருத்தரங்கில் கேட்டிருக்கிறோம். கம்பஸுக்கு வந்த முதல் கிழமை அறிமுக நிகழ்விலும் கேட்டோம். இப்போது குடும்ப வட்ஸ்அப் குழுவில் விடியக்காலமை வந்து விழுகிற ‘காலை வணக்கம்’ படத்திலும் அதே கதைதான். ஒருத்தர், முட்டைக்குள் இருந்து வெளியே வரப் பாடுபடுகிற கோழிக்குஞ்சைக் காண்கிறார். பாவம் எண்டு நினைத்து ஓட்டை உரித்துவிடுகிறார். குஞ்சு செத்துப்போகிறது. ஆகவே பிள்ளைகளே, போராட்டம்தான் உங்களைப் பலப்படுத்தும், ஒருத்தரின் கையையும் எதிர்பார்த்து நிற்காதீர்கள். கைதட்டல். சில பேச்சாளர்கள் கோழிக்குஞ்சுக்குப் பதிலாக வண்ணத்துப்பூச்சியைக் கொண்டு வருவார்கள். படிப்பினை அதேதான்.

எங்களுக்கு இந்தக் கதையோடு பெரிய பிரச்சினை இருக்கிறது. ‘பொறு, அவசரப்படாதே’ எண்டு அது சொல்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அனேகமான நேரம் அது சரியான புத்திமதிதான். ஆனால் ஏன் பொறுக்க வேண்டும் என்பதற்கு அது சொல்கிற காரணம் பிழை. காரணம் பிழையாக இருந்தால், எப்போது பொறுத்துக்கொண்டு இருக்கக்கூடாது என்பதும் தெரியாமல் போய்விடும். அந்தத் தெரியாமையில் சாகிற குஞ்சுகளைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் கதை சொல்வதில்லை.

முட்டைக்குள் என்ன நடக்கிறது?

முதலில் கோழியைப் பற்றியே பேசுவோம். உவமை சொல்கிறவர்கள் உவமைக்கு எடுத்த உயிரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

கோழி முட்டை பொரிக்க 21 நாள். 19ஆம், 20ஆம் நாள் வரைக்கும் குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதே இல்லை. ஓட்டின் உட்பக்கத்தை ஒட்டி ஒரு சவ்வு பரந்திருக்கும். அது முழுக்க இரத்தக்குழாய்கள். ஓட்டில் இருக்கிற ஆயிரக்கணக்கான நுண்துளைகளால் வருகிற ஒட்சிசன் அந்தக் குழாய்களுக்குப் போய், அங்கிருந்து குஞ்சுக்குப் போகிறது. குஞ்சு பெரிதாகப் பெரிதாக அந்தக் காற்றுப் போதாமல் வரும். காபனீரொட்சைட்டு கூடும். அப்போது பிடரித் தசை துடிக்கத் தொடங்கி, முட்டையின் அகன்ற பக்கத்தில் இருக்கிற காற்றறைக்குள் அலகு குத்திக்கொண்டு போகும். அதுதான் முதல் மூச்சு. வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஓட்டில் ஒரு கீறலும் தெரியாது. காதுக்குக் கிட்டப் பிடித்தால் உள்ளே கீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அதற்குப் பிறகும் பல மணித்தியாலம் போக வேண்டும். அலகின் நுனியில் ஒரு சின்னக் கூர் இருக்கிறது. பொரித்துச் சில நாளில் அது தானாக விழுந்துவிடும். அந்தக் கூரால்தான் குஞ்சு ஓட்டில் முதல் வெடிப்பைப் போடுகிறது. கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ‘மாபெரும் போராட்டம்’ தொடங்குகிறது என்பார்கள். ஆனால் இங்கே தொடங்குவது பெரும்பாலும் ஓய்வு. முதல் வெடிப்பு விழுந்து 12 முதல் 24 மணித்தியாலம் வரைக்கும் குஞ்சு கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். இடைக்கிடை அசையும், கீச்சிடும், திரும்ப நித்திரையாகும்.

சும்மா கிடக்கிற அந்த நேரத்தில்தான் முக்கியமான வேலைகள் நடக்கின்றன. மூச்சுவிடும் வேலையை நுரையீரல் முழுதாகப் பொறுப்பெடுக்கிறது. சவ்வில் ஓடிய இரத்தம் உடம்புக்குள் திரும்பி, அந்தக் குழாய்கள் வற்றிப்போகின்றன. மிச்சம் இருக்கிற மஞ்சட்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் சாப்பாடு தண்ணி இல்லாமல் தாக்குப்பிடிப்பது அந்த மஞ்சட்கருவால்தான். ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுத் தூர ஊர்களுக்கு அனுப்ப முடிவதும் அதனால்தான். இவ்வளவும் முடிந்த பிறகே குஞ்சு உள்ளே சுற்றிச் சுற்றி ஓட்டை வட்டமாக வெட்டி, காலால் உதைத்து வெளியே வரும். அந்தக் கடைசிக் கட்டம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

இப்போது சொல்லுங்கோ, அவசரப்பட்டு உரித்தவர் குஞ்சை எப்படிக் கொன்றார்? அது ‘போராடிப் பலம் பெறாததால்’ சாகவில்லை. வற்றாத இரத்தக்குழாயை அவர் அறுத்தார். உள்ளே போகாத மஞ்சட்கருவை வெளியே இழுத்தார். குஞ்சு இரத்தம் போய்ச் செத்தது. பயிற்சி போதாமல் சாகவில்லை. குஞ்சுக்குத் தேவைப்பட்டது நேரம். அதைக் கதைசொல்லிகள் ‘கஷ்டம்’ எண்டு மொழிபெயர்த்து விட்டார்கள். இரண்டும் ஒன்று இல்லை. ஒருவருக்கு நேரம் கொடுப்பதும் ஒருவரைக் கஷ்டப்பட விடுவதும் ஒன்றுதான் எண்டு நினைக்கிற சமூகத்தில் நாங்கள் வளர்ந்திருக்கிறோம் என்பதால், இந்த மொழிபெயர்ப்புப் பிழை எங்களுக்கு உறைப்பதில்லை.

வண்ணத்துப்பூச்சிக் கதையும் இப்படித்தான். கூட்டின் சின்ன ஓட்டையால் நெருக்கிக்கொண்டு வந்தால்தான் சிறகுக்குத் திரவம் ஏறுமாம். வண்ணத்துப்பூச்சி சிறகை விரிப்பது வெளியே வந்து, எங்காவது பிடித்துத் தொங்கிக்கொண்டு, உடம்புத் திரவத்தைச் சிறகுக்குள் செலுத்திய பிறகு.

இன்னொரு விடயத்தையும் மேடையில் சொல்ல மாட்டார்கள். குஞ்சு தனியாக வெளியே வருவதில்லை. பொரிப்பதற்கு முன்னமே உள்ளே இருந்து அது குரல் கொடுக்கும். அடைக்கோழி வெளியே இருந்து பதில் குரல் கொடுக்கும். 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் காடை முட்டைகளை வைத்து ஒன்றைக் காட்டினார். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கிற முட்டைகளுக்குள் இருந்து குஞ்சுகள் ‘கிளிக் கிளிக்’ எண்டு எழுப்புகிற சத்தம், பிந்தி நிற்கிற குஞ்சை வேகப்படுத்துகிறது. அதனால் ஒரு கூட்டின் முட்டைகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பொரிக்கின்றன. தனித்துப் போராடி வென்ற வீரனின் சின்னமாக இவர்கள் தெரிவு செய்த உயிர், பக்கத்து முட்டையின் சத்தத்தைக் கேட்டு வெளியே வருகிற உயிர்.

‘இயற்கை’ எண்டு எதைச் சொல்கிறீர்கள்?

அடுத்த வாதம் எங்களுக்குத் தெரியும். “பலவீனமானது சாகும், பலமானது பிழைக்கும், அது இயற்கை. நாங்கள் கை வைக்கக்கூடாது.”

அடைக்கோழிக்குக் கீழே இருக்கிற முட்டையைப் பற்றிச் சொன்னால் இதைக் கொஞ்சம் கேட்கலாம். கோழி வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் தன் உடம்பால் கொடுக்கிறது. ஒரு நாளில் எத்தனையோ தரம் முட்டையை உருட்டி விடுகிறது. கடைசி நாட்களில் அசையாமல் கிடக்கிறது. அங்கே எங்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. கடகத்துக்குள் வைக்கோல் பரப்பி அடை வைத்த அம்மம்மாமார் கோழியைக் குழப்பாமல் விட்டதற்குக் காரணம் அதுதான். ஆனால் அவர்களும் சும்மா இருந்ததில்லை. பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோழி இறங்கிப் போன பிறகு, கூட்டில் மிஞ்சிக் கிடக்கிற முட்டையைக் கூழ்முட்டை எண்டு எறிய முன்னம் ஒருக்கால் காதில் வைத்துக் கேட்டுப் பார்ப்பார்கள்.

இன்றைக்கு எங்கள் வீடுகளில் நிலைமை வேறு. றெஜிபோம் பெட்டி, ஒரு பல்ப், ஒரு சின்ன மின்விசிறி, ஒரு வெப்பமானி. யூடியூப்பைப் பார்த்து வீட்டிலேயே செய்த இன்கியூபேற்றர். அதற்குள் இருக்கிற முட்டைக்கு ‘இயற்கை’ எங்கே இருக்கிறது? சூடு 37.5 பாகையில் நிற்க வேண்டும், அது எங்கள் பொறுப்பு. முதல் 18 நாள் முட்டையைத் திருப்ப வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். அதுவும் எங்கள் பொறுப்பு. கடைசி மூன்று நாள் ஈரப்பதனை 65, 70 வீதத்துக்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் விட வேண்டும். இதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். முதல் குஞ்சு கீச்சிட்டவுடன் வீடே கூடி நின்று அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மூடியைத் திறந்து பார்க்கும். திறக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும். வெடிப்பு விழுந்த முட்டைக்குள் வெண்மையாக, மெதுமையாக இருந்த சவ்வு காய்ந்து, மண்ணிறமாகி, குஞ்சின் உடம்போடு பொலித்தீன் உறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குஞ்சால் தலையைத் திருப்பக்கூட ஏலாது. எவ்வளவு பலமான குஞ்சாக இருந்தாலும் ஏலாது.

அப்படி மாட்டிக்கொண்ட குஞ்சைப் பார்த்து ‘பலவீனமானது, தானாய் வந்தால் வரட்டும்’ எண்டு சொல்கிறவரை என்னவென்று சொல்வது? மூடியைத் திறந்தவர் அவர். ஈரத்தை விட்டவர் அவர். பழியை மட்டும் குஞ்சின் தலையில் போடுகிறார்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் இல்லாமல் இருந்தது. அந்த நாட்களில் இன்கியூபேற்றருக்குள் கிடந்த முட்டைகளை யோசித்துப் பாருங்கோ. சூடு இறங்கினால் கரு பிந்தும், அல்லது சாகும். அந்தக் குஞ்சுகள் பிந்தியதற்கு அவற்றின் முயற்சியின்மையா காரணம்? இதே கேள்வியை அந்த வருடம் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளைப் பற்றியும் கேட்கலாம். குப்பி விளக்கில் படித்துச் சாதித்த ஒருவரின் படத்தைப் பேப்பரில் போட்டோம். சாதிக்காமல் போனவர்களைப் பற்றி மின்சாரத்திடம் ஒருவரும் கேட்கவில்லை.

எப்போது கை கொடுக்கலாம்?

‘உதவலாமா கூடாதா’ என்பது கொள்கைப் பிரச்சினை எண்டு நினைக்கிறவர்களோடுதான் எங்கள் சண்டை. அது பார்த்துத் தீர்மானிக்கிற பிரச்சினை. எங்களில் சிலர் வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள். அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கிற முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் வெடிப்பு விழுந்த நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். குறிக்காதவருக்கு உதவி செய்யவும் உரிமை இல்லை, உபதேசம் செய்யவும் உரிமை இல்லை. 24 மணித்தியாலம் போகவில்லை, குஞ்சு இடைக்கிடை கீச்சிடுகிறது, சவ்வு வெள்ளையாக ஈரமாக இருக்கிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வாயை மெல்லுவது மாதிரி அசைத்துக்கொண்டிருந்தாலும் பொறுக்க வேண்டும். உள்ளே வேலை முடியவில்லை.

24 மணித்தியாலம் தாண்டியும் வெடிப்பு கொஞ்சமும் பெருக்கவில்லை, சவ்வு மண்ணிறமாகக் காய்ந்துவிட்டது, அல்லது வட்டமாக வெட்டத் தொடங்கிப் பாதியில் நின்று மணிக்கணக்காகிவிட்டது, குரல் மெலிந்துகொண்டு போகிறது. அப்போது போய்ப் பார்க்க வேண்டும். காற்றறை இல்லாத கூரான பக்கத்தில் வெடிப்பு விழுந்திருந்தால் முதலிலேயே கூடுதல் கவனம் வேண்டும். குஞ்சு அதற்குள் மாறிக் கிடக்கிறது.

போய்ப் பார்ப்பது எண்டால் உரித்துத் தள்ளுவது இல்லை. இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால், மூக்குத் துளைக்குள் தண்ணி போகாமல், சவ்வை நனைக்க வேண்டும். நனைந்த சவ்வில் இரத்தக்குழாய் தெரியும். சிவப்பாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, முட்டையைத் திருப்பி உள்ளே வைத்து, சில மணித்தியாலம் விட வேண்டும். ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் நிறுத்த வேண்டும். குழாய் தெரியவில்லை என்றால் காற்றறைப் பக்கத்து ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகத்தாலோ சாமணத்தாலோ எடுக்கலாம். அலகும் தலையும் விடுபட்டால் போதும். மிச்ச ஓட்டில் இருந்து குஞ்சு தானே உதைத்துக்கொண்டு வரட்டும். மஞ்சட்கரு முழுதாக உள்ளே போகாமல் இருந்தால் அதற்கும் அந்த மிச்ச நேரம் தேவை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில குஞ்சுகள் பிழைக்காது. உள்ளே வளரும்போதே ஏதோ கோளாறு இருந்திருக்கும். அதனால்தான் வெளியே வர ஏலாமல் போயிருக்கும். அதையும் நாங்கள் மறைக்கவில்லை. ‘உதவி செய்து வந்த குஞ்சு நிலைக்காது’ எண்டு சொல்கிறவர்களிடம் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் கோளாறு குஞ்சிலா, பெட்டியிலா என்பது பார்க்காமல் தெரியாது. பத்து முட்டையில் ஆறு காய்ந்து மாட்டிக்கொண்டால், ஆறு குஞ்சும் ஒரே நாளில் சோம்பேறியாகிவிட்டன எண்டு நம்புவது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை!

அவசரக் கைகளையும் விடப்போவதில்லை

இதை வாசித்துவிட்டு ‘அப்ப நாங்கள் எல்லாருக்கும் உதவலாம்’ எண்டு துள்ளுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. நேரம் பார்க்காமல் ஓட்டை உரிக்கிற கைகளும் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை கோழி வளர்ப்புத் திட்டங்கள் வந்து போயின? கணவனை இழந்த பெண்களுக்கு ஒரு கூடு, கொஞ்சக் குஞ்சு, பின்னால் பதாகை, முன்னால் கமரா. தீவனம் என்ன விலை, நோய் வந்தால் யாரிடம் போவது, முட்டையை யார் வாங்குவது எண்டு கேட்க முன்னமே பல திட்டங்களின் காலம் முடிந்துவிடும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, சோளம் குறைந்து, தீவன விலை ஏறினபோது சின்னப் பண்ணைக்காரர்கள் கோழியை விற்றார்கள். 2023இல் நாடு இந்தியாவில் இருந்து முட்டை இறக்கியது. ‘உதவி செய்தோம், அவர்கள்தான் முன்னேறவில்லை’ எண்டு அறிக்கையில் எழுதுகிறவரும், ‘தானாய் வரட்டும்’ எண்டு மேடையில் சொல்கிறவரும் எங்களுக்கு ஒரே ஆள்தான். இரண்டு பேரும் முட்டையைப் பார்க்கவில்லை.

கதை யாருக்குப் பயன்படுகிறது?

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் யார் எண்டு கவனித்திருக்கிறீர்களா? ஏற்கனவே வெளியே வந்தவர்கள். “நாங்கள் தனியாகத்தான் வந்தோம்” என்பார்கள். 1945இல் இருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் எத்தனையோ பேரின் அறை வாடகையையும் சாப்பாட்டையும் கட்டியிருக்கிறது. அந்தச் சூட்டில் பொரித்து வந்தவர், தன்னைத் தானே பொரித்துக்கொண்டதாகச் சொல்வது நன்றிகெட்ட பேச்சு.

எங்கள் வளாகத்துக்குள்ளும் இதே கதை வேறு வடிவத்தில் உலாவுகிறது. பகிடிவதை செய்கிற அண்ணாமார் அக்காமாரிடம் கேட்டுப் பாருங்கோ. “இதெல்லாம் உங்களைப் பலப்படுத்தத்தான், நாங்களும் இப்பிடித்தான் வந்தனாங்கள்.” 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இதைக் குற்றம் எண்டு சொல்லி எவ்வளவு காலம்! இவர்கள் வாயில் இன்னும் ‘கஷ்டம் மனிசரை உருவாக்கும்’ என்ற வசனம்தான். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்ற பழமொழியையும் துணைக்குக் கூப்பிடுவார்கள். கோழி வளர்த்த எவரிடமும் கேளுங்கோ. சாகும். இடம் நெருக்கடியான கூட்டில் கோழி மிதித்துக் குஞ்சு சாகும். நாங்கள் கண்டிருக்கிறோம்.

முதலாம் வருடத்தில் ஆங்கில விரிவுரை விளங்காமல் பின்வாங்கிலில் பேசாமல் இருக்கிற பிள்ளை, வீட்டில் காசில்லாமல் அரைவாசியில் நிற்கிற பிள்ளை, இரவில் அழுகிற பிள்ளை. இவர்கள் எல்லாருக்கும் உடனே ஓடிப்போய் எல்லாம் செய்து கொடுக்க வேண்டும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. சிலருக்குத் தேவை கொஞ்ச நேரம் மட்டும்தான். அவர்களைத் தோண்டித் துருவாமல் விடுவதே பெரிய உதவி. சிலர் காய்ந்துபோய் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டையும் பிரித்தறியக் கிட்டப் போக வேண்டும், குரலைக் கேட்க வேண்டும், நேரத்தைக் கணக்கு வைக்க வேண்டும். ‘தானாய் வரட்டும்’ என்ற வசனம் இந்த வேலை முழுவதிலும் இருந்து ஆளை விடுதலை செய்கிறது. அது இவ்வளவு பிரபலமானதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கோழிக்குஞ்சுக் கதையைத் தொடங்கினால், சிரித்துக்கொண்டு கைதட்டாமல் எழும்பிக் கேளுங்கோ. வெடிப்பு விழுந்து எத்தனை மணித்தியாலம்? சவ்வு என்ன நிறம்? மூடியைத் திறந்து வைத்தது யார்?